கருக்கலைப்பு: 1883ஆம் ஆண்டுச் சட்டமும் இன்றைய கொழும்பும்

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக வந்தது. அதில் 303 முதல் 307 வரையான ஐந்து பிரிவுகள் கருவைச் சிதைத்தல் தொடர்பானவை. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவற்றின் சாரம் மாறவில்லை. கருக்கலைப்பைப் பற்றி நம்மிடையே சூடாகப் பேசுவோர் பலர் இந்தப் பிரிவுகளை வாசித்ததில்லை என்பது பேச்சிலேயே தெரிந்துவிடும். ஆகவே முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

கருவுற்ற பெண்ணின் கருவை வேண்டுமென்று சிதைப்பவருக்கு, அந்தப் பெண்ணின் உயிரைக் காக்கும் நோக்கத்தோடு நல்லெண்ணத்தில் அதைச் செய்திருந்தாலன்றி, மூன்று ஆண்டுவரை சிறையோ குற்றப்பணமோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது 303ஆம் பிரிவு. வயிற்றில் பிள்ளை துடிக்கத் தொடங்கிய பிறகு செய்தால் சிறை ஏழு ஆண்டுவரை நீளும். தன் கருவைத் தானே சிதைத்துக்கொள்ளும் பெண்ணும் இந்தப் பிரிவுக்குள் அடங்குவாள் என்று அதனடியிலேயே ஒரு விளக்கக் குறிப்பு உண்டு. பெண்ணின் சம்மதமின்றிச் செய்தாலும், செய்ததன் விளைவாகப் பெண் இறந்துபோனாலும் தண்டனை இருபது ஆண்டுவரை போகும். சட்டம் ஏற்கும் விதிவிலக்கு ஒன்றே ஒன்று, தாயின் உயிர். வன்புணர்வு, நெருங்கிய இரத்த உறவினரிடையேயான முறைதகாப் புணர்ச்சி, பிறந்தாலும் பிழைக்க முடியாத கருக் குறைபாடு, தாயின் உடல் அல்லது மனநலம், வறுமை ஆகிய எதுவும் இந்த வாசகத்துக்குள் இல்லை.

பிள்ளை துடிப்பதற்கு முன், துடித்த பின் என்ற பாகுபாடு எங்கிருந்து வந்தது என்பது கவனிக்க வேண்டிய செய்தி. பழைய ஆங்கிலச் சட்ட மரபில், தாய் தன் வயிற்றில் அசைவை உணரும் கட்டமே, அதாவது ஏறத்தாழ பதினாறு முதல் இருபதாம் வாரம், கருவின் உயிருக்கு எல்லைக்கல்லாக இருந்தது. 1803ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டமும் அந்த அளவிலேயே தண்டனையைக் கூட்டிக் குறைத்தது. ஆனால் 1837இல் இங்கிலாந்து அந்தப் பாகுபாட்டைத் தன் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. அதே காலத்தில் வரையத் தொடங்கி 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அது தங்கிவிட்டது. அதைப் பார்த்து எழுதப்பட்ட நமது கோவையிலும் தங்கிவிட்டது. பின்னர் 1967இல் பிரித்தானியா கருக்கலைப்பைப் பெருமளவு அனுமதித்தது. 1971இல் இந்தியாவும் தனிச் சட்டமொன்றால் அனுமதித்தது. சட்டத்தைத் தந்தவரும் அதற்கு முன்மாதிரியாக இருந்தவரும் தளர்த்திவிட்ட தடையை நாம் நம்முடைய பண்பாடு என்று சொல்லிக் காத்துவருகிறோம்.

“உயிரைக் காக்கும் நோக்கம்” என்பதன் எல்லை எது என்பது அடுத்த சிக்கல். உயிருக்கு எவ்வளவு ஆபத்து இருக்க வேண்டும், எத்தனை நாளில் வரக்கூடிய ஆபத்து, யார் அதை முடிவு செய்வது என்று சட்டம் ஒன்றும் சொல்வதில்லை. 1938இல் லண்டனில் ஒரு வழக்கு நடந்தது. படைவீரர்களால் வன்புணர்வுக்குள்ளாகிக் கருவுற்ற பதினான்கு வயதுச் சிறுமிக்கு அலெக் போர்ன் என்ற அறுவைச் சிகிச்சை வைத்தியர் வெளிப்படையாகவே கருக்கலைப்புச் செய்து, தானே பொலிஸாருக்கும் அறிவித்தார். கருவைச் சுமப்பதால் அந்தப் பெண் உடலாலோ மனத்தாலோ சிதைந்துபோவாள் என்று வைத்தியர் நேர்மையாக நம்பினால் அதுவும் உயிரைக் காப்பதில் அடங்கும் என்று நீதிபதி யூரர்களுக்கு எடுத்துரைத்தார். வைத்தியர் விடுதலையானார். நமது 303ஆம் பிரிவின் சொற்களுக்கும் இப்படி ஒரு விரிந்த பொருளைக் கொடுக்க இடமுண்டு என்று வாதிடலாம். ஆனால் இலங்கையின் மருத்துவ நடைமுறை அந்த விரிந்த பொருளை நம்பி நடப்பதில்லை. தனியொருவராகப் பொறுப்பேற்க எந்த விசேட வைத்தியரும் விரும்புவதில்லை. இன்னொருவரின் ஒப்புதலை எழுத்தில் பெற்ற பிறகே கத்தியைக் கையில் எடுப்பார்.

அந்தத் தயக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2012ஆம் ஆண்டு அயர்லாந்தின் கோல்வே நகரில் உலகம் கண்டது. இந்தியாவிலிருந்து அங்கு சென்று பல் வைத்தியராகப் பணியாற்றிய சவிதா ஹலப்பனவர் பதினேழாம் வாரத்தில் கரு கலையத் தொடங்கிய நிலையில் மருத்துவமனைக்குப் போனார். கரு தங்காது என்பது தெரிந்திருந்தும், கருவின் இதயத் துடிப்பு நிற்கும்வரை வைத்தியர்கள் காத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் கிருமித்தொற்று இரத்தத்தில் கலந்து அவர் இறந்தார். அயர்லாந்தின் சட்டமும் அப்போது தாயின் உயிரைக் காக்க அனுமதித்தே இருந்தது. ஆபத்து எப்போது போதுமான அளவு பெரிதாகிறது என்பதை முடிவு செய்வதற்குள் காலம் கடந்துவிட்டது. ஆறு ஆண்டுகளின் பின், 2018இல் நடந்த வாக்கெடுப்பில், கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் அந்த நாட்டில் வாக்களித்தோரில் 66 வீதத்துக்கும் மேற்பட்டோர் தடையை நீக்க ஆதரவளித்தார்கள்.

இனி நடைமுறைக்கு வருவோம். இலங்கையில் நாளொன்றுக்கு 658 கருக்கலைப்புகள் நடக்கின்றன என்ற கணக்கு சுகாதார அமைச்சின் பெயரால் பத்திரிகைகளில் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வருகிறது. சட்டவிரோதமாக, மறைவில் நடக்கும் ஒன்றை கடைசி இலக்கம்வரை எண்ணிவிட முடியும் என்று நான் நம்பவில்லை. இத்தகைய மதிப்பீடுகள் மருத்துவமனைக்கு வந்துசேரும் சிக்கல்களிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடப்படுபவை. ஆனாலும் அளவு ஆயிரக்கணக்கில் அல்ல, ஆண்டுக்கு இலட்சத்தைத் தாண்டுகிறது என்பதில் துறை சார்ந்தவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இந்த எண்ணிக்கையைவிட முக்கியமான உண்மை ஒன்று உண்டு. நாட்டில் நடந்த ஆய்வுகளில், கருக்கலைப்பை நாடியவர்களில் பெரும்பான்மையோர் மணமான, ஏற்கெனவே பிள்ளை பெற்ற பெண்களே. காதலில் ஏமாந்த இளம்பெண் என்று நம் பேச்சில் உலவும் உருவத்துக்கும் உண்மையில் அந்த வாசலில் நிற்கும் பெண்ணுக்கும் தொடர்பு குறைவு. கடைசிப் பிள்ளைக்கு ஒன்றரை வயதாகும் முன் அடுத்தது தங்கிவிட்ட, கணவரின் வருமானம் போதாத, கருத்தடை மாத்திரையை இடையில் விட்டுவிட்ட பெண்ணே அங்கு அதிகம்.

இங்கு இலங்கையின் தாய்நல அமைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பிரச்சினையின் முரண் அதில்தான் கூர்மையாகத் தெரிகிறது. நம் நாட்டில் பிரசவங்கள் ஏறத்தாழ முழுவதும் மருத்துவமனையில் நடக்கின்றன. தாய் இறப்பு தெற்காசியாவிலேயே மிகக் குறைந்த நாடுகளுள் இலங்கை ஒன்று. ஒவ்வொரு தாய் இறப்பும் குடும்ப சுகாதாரப் பணியகத்தின் மேற்பார்வையில் தனித்தனியே விசாரிக்கப்படுகிறது. கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தோட்டக் குடியிருப்புகளிலும், முகத்துவாரத்தின் மாடித் தொகுதிகளிலும், பொறுப்பான குடும்பநல உத்தியோகத்தருக்கு, நம்மவர் வழக்கில் மிட்வைஃபுக்கு, எந்த வீட்டில் யாருக்கு எத்தனையாவது மாதம் என்பது தெரியும். மாதவிடாய் தள்ளிப்போன சில வாரங்களிலேயே அவர் வீட்டுக்கு வந்து கர்ப்பவதிப் பதிவு அட்டையை நிரப்புவார். எச் 512 என்ற அந்த அட்டையின் ஒரு பிரதி தாயிடம் இருக்கும், மற்றது மிட்வைஃபிடம் இருக்கும். சுகாதார வைத்திய அதிகாரியின் (எம்.ஓ.எச்.) கிளினிக்கில் நிறை, குருதியழுத்தம், இரும்புச்சத்து என்று எல்லாம் அதில் ஏறும். அந்த அட்டை எழுதப்பட்ட பிறகு ஒரு கருப்பம் காணாமற்போக முடியாது. ஆகவே வேண்டாம் என்று எண்ணும் பெண் அட்டையே எழுதாமல் பார்த்துக்கொள்கிறாள். நாட்டின் மிகச் சிறந்த பொதுச் சேவைகளில் ஒன்று, அதன் உதவி மிகவும் வேண்டியிருக்கும் வாரங்களில், அவள் ஒளிந்துகொள்ள வேண்டிய இடமாகிவிடுகிறது.

ஒளிந்துகொண்டவள் முதலில் போவது வீட்டு வைத்தியத்துக்கு. பப்பாசிக்காய், அன்னாசி, எள்ளு என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுபவை பயன் தராமலே வாரங்களைத் தின்றுவிடும். அதன்பின் மாத்திரை. வயிற்றுப் புண்ணுக்கென்று உருவாக்கப்பட்ட மிசோப்ரோஸ்டால் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையுள்ளது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது மிஃபெப்ரிஸ்டோன் என்ற இன்னொரு மருந்தோடு சேர்த்துக் கருக்கலைப்புக்கான மருந்தாக 2005 முதல் இடம்பெற்றிருக்கிறது. கொழும்பில் அது கையிலிருந்து கைக்கு, கடையின் பின்புறத்தில், உறையிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளாக, அளவும் காலமும் சொல்வார் இல்லாமல் விற்கப்படுகிறது. எத்தனையாவது வாரம் என்று கேட்பவரும் இல்லை, கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கிறதா என்று ஸ்கேன் பார்ப்பவரும் இல்லை. அளவுக்கு மீறி இரத்தம் போனால் அவள் காசல் வீதி மருத்துவமனைக்கோ டி சொய்சாவுக்கோ அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோகப்படுகிறாள். “தானாகக் கலைந்தது” என்பதே அவள் சொல்லக்கூடிய ஒரே விடை. மருந்தினால் கலைந்ததற்கும் இயற்கையாகக் கலைந்ததற்கும் வைத்தியர் பெரும்பாலும் வேறுபாடு காண முடியாது. ஆனாலும் அவள் பயத்தில் மறைக்கும் செய்திகள் சிகிச்சைக்கு வேண்டிய செய்திகளாக இருக்கும். கேள்விகள் சிங்களத்தில் வந்து, அருகில் நிற்கும் மைத்துனியின் மொழிபெயர்ப்பில் விடை போகும்போது மறைவு இன்னும் ஒரு மடங்கு கூடுகிறது. தமிழ் பேசும் பெண்கள் மட்டும் அறிந்த சங்கடம் இது. இதைத் தீர்க்கச் சட்டத் திருத்தம்கூட வேண்டியதில்லை.

வசதியுள்ளவர்களின் கதை வேறு. ஒன்றரை மணி நேரத்துக்குள் விமானம் சென்னையில் இறங்கிவிடும். அங்கே 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் இன்றைய வடிவப்படி இருபது வாரம்வரை பதிவுபெற்ற வைத்தியர் ஒருவரின் முடிவில் கருக்கலைப்புச் செய்ய முடியும். 2021இன் திருத்தத்துக்குப் பிறகு வன்புணர்வுக்குள்ளானோர், சிறுமியர் முதலிய சில வகையினருக்கு எல்லை இருபத்து நான்கு வாரம். 2022 செப்ரெம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், மணமாகாத பெண்களை அந்த நீட்டிப்பிலிருந்து ஒதுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. கருவில் பெருங்குறை இருப்பதாக மருத்துவச் சபை கண்டால் வார எல்லையே பொருந்தாது. கடவுச்சீட்டும் பயணச்சீட்டுக்குப் பணமும் உள்ள வெள்ளவத்தைப் பெண்ணுக்கு 303ஆம் பிரிவு ஒரு சிரமம். கட்டுநாயக்கவில் தையல் இயந்திரத்தின் முன் பத்து மணிநேரம் இருக்கும் பெண்ணுக்கும், ஹற்றனிலிருந்து வந்து கொழும்பு வீடொன்றில் சமையல் வேலை செய்யும் பெண்ணுக்கும் அது வேறு வகைப் பொருள் கொண்டது.

இதுவரை சொன்னவை தடையின் பயனின்மையைக் காட்டுகின்றனவே தவிர, கருக்கலைப்பு சரியா தவறா என்ற கேள்விக்கு விடையாகா. திருட்டைத் தடுக்க முடியவில்லை என்பதற்காகத் திருட்டை அனுமதிப்பதில்லையே என்று எதிர்த்தரப்பு கேட்பது நியாயமான கேள்வி. ஆகவே அறம் பற்றிய வாதத்தை அதன் இடத்தில் வைத்தே பார்க்க வேண்டும்.

நான்கு சமயங்களும் கருக்கலைப்பை ஏற்பதில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளான விநயத்தில், மனித உயிரைப் போக்கும் பிக்கு சங்கத்திலிருந்தே நீங்கியவனாவான். மனித உயிர் என்பது தாயின் வயிற்றில் முதல் சித்தம் தோன்றுவது தொடங்கி இறப்புவரை என்று அங்கே வரையறுக்கப்பட்டிருக்கிறது. கருவைக் கலைக்க மருந்து கொடுத்த பிக்குகளின் நிகழ்வுகளும் அங்கே ஆராயப்படுகின்றன. தெளிவான நிலைப்பாடு. ஆயினும் அது துறவிக்கான ஒழுக்கம். இல்லறத்தாருக்குக் கொல்லாமை தாமாக ஏற்கும் சீலம், தவறினால் வினைப்பயன் உண்டு, அரசன் சிறையிலிட வேண்டும் என்று அது சொல்வதில்லை.

சைவர்களாகிய நம்மிடம் இது பற்றி ஒரே குரலில் பேசும் பீடம் ஏதும் இல்லை. பழைய வடமொழி அறநூல்கள் கருவைக் கொல்வதைப் பெரும் பாதகங்களுள் வைத்தன. ஆயுர்வேத நூலான சுசுருத சங்கிதையோ, கரு சிக்கிக்கொண்டு தாயின் உயிர் போகும் நிலையில் அதை வெட்டியெடுத்துத் தாயைக் காக்கும் முறையை வைத்தியனுக்குக் கற்பிக்கிறது. தமிழில் மிகப் பழைய சான்று புறநானூற்றின் 34ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் சொல்வது. பசுவின் முலையை அறுத்தவர்க்கும் மகளிரின் கருவைச் சிதைத்தவர்க்கும் அந்தப் பாவத்திலிருந்து நீங்கக் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி கொன்றவர்க்கு மட்டும் உய்வில்லை என்று அறநூல் பாடிற்று என்பது அவர் வாக்கு. கருச்சிதைவு பெருங்குற்றமாகவே அங்கு எண்ணப்படுகிறது, ஐயமில்லை. ஆனால் கழுவாய் உள்ள குற்றமாகவும் எண்ணப்படுகிறது. இந்தப் பாட்டைக் கருக்கலைப்புக்கு எதிராக மேடையில் எடுத்துக்காட்டுவோர் பாதியோடு நிறுத்திவிடுவதைக் கவனித்திருக்கிறேன்.

இஸ்லாமிய சட்ட மரபில் கருவுக்கு உயிர் ஊதப்படுவது 120ஆம் நாளில் என்ற, நபிமொழியான ஹதீஸ் வழியான கருத்து பரவலானது. அந்த எல்லைக்குப் பின், தாயின் உயிருக்கு ஆபத்து என்றாலன்றி, கலைத்தல் கூடாது என்பதில் மத்ஹபுகள் என்ற சட்டப் பிரிவுகள் எல்லாம் ஒத்துப்போகின்றன. அதற்கு முன் என்ன என்பதில்தான் வேறுபாடு. ஹனஃபி அறிஞர் சிலர் தக்க காரணமிருந்தால் இடம் கொடுத்தனர். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாஃபி மரபுக்குள்ளேயே நாற்பது நாள், நூற்றிருபது நாள் என்று வெவ்வேறு கருத்துகள் உண்டு. 1990இல் மக்காவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் (சட்டவியல்) பேரவை, கருவில் குணப்படுத்த முடியாத கடும் குறைபாடு இருப்பதாக நம்பகமான மருத்துவக் குழு உறுதிசெய்தால், பெற்றோரின் வேண்டுகோளின் பேரில் 120 நாட்களுக்குள் கலைக்கலாம் என்று தீர்மானித்தது. நம் நாட்டின் இன்றைய சட்டம் அந்தத் தீர்மானத்தைவிட இறுக்கமானது.

கத்தோலிக்கத் திருச்சபையின் நிலைப்பாடே மிகத் திட்டமானது, எதிர்ப்பில் மிக ஒழுங்காக அணிதிரண்டதும் அதுவே. கருவுற்ற கணத்திலிருந்து மனித உயிர் என்பது அதன் போதனை. ஆனால் திருச்சபையின் வரலாற்றிலும் உயிர் எப்போது புகுகிறது என்பதில் நீண்ட விவாதம் இருந்தது. தோமா அக்குவினார், அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, ஆன்மா கருவில் பிற்பாடே வருகிறது என்று எண்ணினார். ஆயினும் அதற்கு முன் கலைப்பதையும் அவர் பாவமாகவே கொண்டார். ஆன்மா புகுந்த கரு, புகாத கரு என்ற வேறுபாடு திருச்சபைத் தண்டனைகளிலிருந்து நிலையாக நீங்கியது 1869இல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் காலத்தில். கருப்பைக்கு வெளியே தங்கிய கருவின் பொருட்டுச் சிதையும் கருக்குழாயை அகற்றுவதை, நோக்கம் கருவைக் கொல்வது இல்லை என்ற காரணத்தால், பல கத்தோலிக்க அறவியலாளர் ஏற்கின்றனர். 2016இல் பாப்பரசர் பிரான்சிஸ், கருக்கலைப்புச் செய்தவர்களுக்குப் பாவமன்னிப்பு வழங்கும் அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் நிலையாக நீட்டினார். பாவத்தின் கனம் குறையாமலே, பாவம் செய்தவளிடம் நடந்துகொள்ளும் முறை மாற முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

சமயத்துக்கு வெளியே நடக்கும் வாதம் பெரும்பாலும் கரு ஒரு நபரா என்ற கேள்வியைச் சுற்றியது. 1971இல் அமெரிக்க மெய்யியலாளர் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு வேறொன்றைக் கேட்டார். கரு முழு உரிமையுள்ள நபர் என்றே வைத்துக்கொள்வோம். ஒருவர் உயிர்வாழ இன்னொருவரின் உடலை ஒன்பது மாதம் பயன்படுத்தியாக வேண்டும் என்றால், அந்த உடலுக்குரியவரைச் சட்டத்தால் கட்டாயப்படுத்தலாமா? தன் பிள்ளைக்குச் சிறுநீரகம் கொடுக்க மறுக்கும் தகப்பனை நாம் கடிந்துகொள்வோம், ஆனால் கட்டிப்போட்டு எடுக்க மாட்டோம். இந்த வாதம் வன்புணர்வால் உண்டான கருவில் மிக வலுவாகவும், தாமே விரும்பி உண்டாக்கிய கருவில் வலுக்குறைந்தும் நிற்கிறது. தன் செயலால் ஓர் உயிரைத் தன்னைச் சார்ந்திருக்க வைத்தவருக்குக் கடமை கூடுதல் என்ற மறுப்பு எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல. கரு வளர வளர அதன் கோரிக்கையும் கனக்கிறது என்ற பொதுமனிதரின் உணர்வு இந்த இரண்டு தரப்புக்கும் நடுவில் நிற்கிறது. பெரும்பாலான நாடுகளின் வார எல்லைகள் அந்த உணர்விலிருந்தே பிறந்தவை. 1883ஆம் ஆண்டின் துடிப்புக் கணக்கும் அதே உணர்வின் பழைய வடிவமே.

கருக் குறைபாடு பற்றி ஒரு எச்சரிக்கை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் பேசுவோர் எழுப்பும் ஆட்சேபனையை நான் கனமானதாகவே எண்ணுகிறேன். குறைபாடுள்ள கரு என்பதற்காகவே கலைக்க அனுமதிக்கும் சட்டம், அதே குறைபாட்டோடு இன்று நம்மிடையே வாழ்பவரின் மதிப்பைக் குறைத்துப் பேசுகிறது என்கிறார்கள். டவுன் நோய்க்குறியுள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம் இதைப் பேசிப் பார்த்தால் அந்த ஆட்சேபனையின் சூடு தெரியும். ஆனால் இலங்கையில் சட்டத் திருத்தமாக முன்வைக்கப்பட்டது அத்தகைய அகன்ற விதி இல்லை. மண்டையோடும் மூளையும் உருவாகாத கரு இருபதாம் வாரத்தை ஒட்டிய ஸ்கேனில், சில வேளை அதற்கும் முன்பே, தெரிந்துவிடும். பிறந்தால் சில மணிநேரமோ சில நாளோதான். அதை அறிந்துகொண்ட பெண் இன்னும் நான்கரை மாதம் சுமக்க வேண்டும், பேருந்தில் இடம் கொடுப்போர் எப்போது பிரசவம் என்று கேட்பார்கள், அவள் விடை சொல்ல வேண்டும். சுமக்கவே விரும்பும் தாய்மாரும் உண்டு. அவர்களுக்கு அந்த உரிமையும் துணையும் கிடைக்க வேண்டும். வேண்டாம் என்பவளைச் சுமக்கச் சொல்வதால் எந்த உயிர் காக்கப்படுகிறது என்ற கேள்விக்கு 303ஆம் பிரிவில் விடை இல்லை.

சட்டத்தை மாற்றும் முயற்சிகள் புதியவை அல்ல. 1995இல் தண்டனைச் சட்டக்கோவைக்குப் பெருந்திருத்தம் கொண்டுவரப்பட்டபோது, வன்புணர்வு, முறைதகாப் புணர்ச்சி, கருக் குறைபாடு ஆகியவற்றில் கருக்கலைப்பை அனுமதிக்கும் வாசகமும் முதலில் அதில் இருந்தது. பாராளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்ததும் அது கைவிடப்பட்டு, மிகுதி மட்டும் 22ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. அந்த மிகுதி, சம்மத வயதைப் பதினாறாக உயர்த்தி, முறைதகாப் புணர்ச்சியைக் குற்றமாக்கி, வன்புணர்வுக்கு ஏழு முதல் இருபது ஆண்டுவரை கடூழியச் சிறை விதித்தது. இரண்டு வாசகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வன்புணர்ந்தவனுக்குச் சட்டம் எழுதிவைத்த குறைந்த தண்டனை ஏழு ஆண்டு. அவனால் கருவுற்றவள், பயத்தில் யாரிடமும் சொல்லாமல் ஐந்து மாதம் கடத்திவிட்டுக் கலைத்துக்கொண்டால் அவளுக்கு விதிக்கக்கூடிய உச்ச தண்டனையும் ஏழு ஆண்டு.

2013இல் சட்ட ஆணைக்குழுவும், பின்னர் நீதியரசர் புவனேக அலுவிஹாரே தலைமையிலான குழுவும் மீண்டும் இதை எடுத்தன. 2017 ஓகஸ்டில் விடயம் அமைச்சரவை மட்டத்தில் பேசப்பட்டபோது அதன் மையம் வன்புணர்வும் உயிர்பிழைக்க முடியாத கருக் குறைபாடும்தான். மகப்பேற்று வைத்தியர்கள் பலர் ஆதரித்தார்கள், கத்தோலிக்க ஆயர் பேரவை பகிரங்கமாக எதிர்த்தது, விடயம் கிடப்பில் போனது. அதே ஆண்டு, பெண்களுக்கெதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐக்கிய நாடுகள் குழு, 1981இலேயே அந்தச் சமவாயத்தை ஏற்ற இலங்கை, இந்தக் குறைந்தபட்சச் சந்தர்ப்பங்களிலாவது அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

மற்ற நாடுகளில் நீதிமன்றங்கள் செய்ததை நம் நீதிமன்றங்கள் ஏன் செய்யவில்லை என்று கேட்போர் அரசியலமைப்பைப் புரட்ட வேண்டும். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, அதற்கு முன்பே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லுபடியாகும் என்கிறது. 80ஆம் உறுப்புரை, நிறைவேறிய சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது என்கிறது. மசோதாவாக இருக்கும்போது மட்டும் உயர் நீதிமன்றம் பார்க்கலாம். ஆகவே 303ஆம் பிரிவு பெண்ணின் சமத்துவ உரிமையை மீறுகிறது என்று புதுக்கடை நீதிமன்ற வளாகத்தில் எவ்வளவு திறமையாக வாதிட்டாலும், அந்தப் பிரிவை நீதியரசர்கள் தள்ளுபடி செய்ய வழியில்லை. அமெரிக்காவில் 1973இல் ஒரு தீர்ப்பால் வந்த உரிமை 2022இல் இன்னொரு தீர்ப்பால் போனதைப் பார்த்தவர்களுக்கு, சட்டசபை வழியே நல்லது என்று தோன்றலாம். நேபாளம் 2002இல் சட்டமியற்றியே பன்னிரண்டு வாரம்வரை அனுமதித்தது. பின்னர் 2009இல் அதன் உச்ச நீதிமன்றம், ஏழைப் பெண்ணுக்கும் அது எட்டும்படி செய்யுமாறு அரசைப் பணித்தது. ஆனால் நம் பாராளுமன்ற உறுப்பினருக்கு இதில் இழக்க வாக்கு உண்டு, வெல்ல வாக்கு இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு, அதை வெளிப்படையாக எழுதுவோர் குறைவு. இலங்கையில் கருப்பை இனக்கணக்கின் பகுதியாகிவிட்டது. சிங்களவர் தொகை குறைகிறது என்ற பிரசாரம் நிரந்தரக் கருத்தடைக்கு எதிராகவே கிளம்பியிருக்கிறது. 2019இல், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னான வாரங்களில், குருநாகலில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களை இரகசியமாக மலடாக்கினார் என்ற குற்றச்சாட்டு எழுந்து, விசாரணையில் ஆதாரமின்றிப் போனது. தமிழரிடையே, போரில் இழந்த தொகையை ஈடுசெய்ய வேண்டும் என்ற பேச்சு மேடைகளில் கேட்கிறது. வடக்கில் பெண்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டதாக எழுந்த முறைப்பாடுகளை நம்மவர் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் அந்த முறைப்பாட்டின் அடியிலுள்ள கொள்கை, பெண்ணின் உடலில் அவள் சம்மதமின்றி அரசு முடிவெடுக்கக் கூடாது என்பதே. அந்தக் கொள்கையைக் கருத்தடைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கட்டாயமாகச் சுமக்க வைப்பதற்கு விலக்களிப்பது எப்படிப் பொருந்தும் என்பதை அவ்வாறு பேசுவோர் விளக்க வேண்டும்.

முன்வைக்கப்பட்ட திருத்தம் நாளையே நிறைவேறினாலும் எவ்வளவு மாறும் என்பதில் மயக்கம் வேண்டாம். மணமான, பிள்ளையுள்ள பெண்களே பெரும்பான்மை என்று முன்பு சொன்னேன். அவர்களில் பெரும்பாலானோர் வன்புணர்வு, கருக் குறைபாடு என்ற இரண்டு வாசல்களாலும் உள்ளே வர மாட்டார்கள். அவர்கள் பொருட்டுச் செய்யக்கூடியது கருத்தடை பற்றிய அறிவையும் பொருளையும் எட்டச் செய்வது, கலைந்து வருபவளைக் கேள்வியால் துன்புறுத்தாமல் சிகிச்சை கொடுப்பது, அந்த வருகையிலேயே அடுத்த கருப்பத்தைத் தடுக்கும் வழியைச் சொல்லி அனுப்புவது. பெண்ணைத் தண்டிக்கும் அந்த விளக்கக் குறிப்பை மட்டும் நீக்குவது இன்னொரு சிறிய அடி. பிரித்தானியாவின் பொதுமக்கள் சபை 2025 ஜூனில் வாக்களித்தது இத்தகைய ஓர் அடிக்குத்தான். செய்பவரைப் பற்றிய விதிகளைத் தொடாமல், செய்துகொள்ளும் பெண்ணைக் குற்றவியல் சட்டத்திலிருந்து விடுவிப்பது.

குறுகிய திருத்தத்திலும் வரைவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். வன்புணர்வு என்பதை யார், எப்போது உறுதிசெய்வது? பொலிஸ் முறைப்பாடு, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை, சட்டமா அதிபரின் குற்றப்பத்திரிகை, மேல் நீதிமன்ற விசாரணை என்று போகும் வழக்குகள் பல ஆண்டுகள் இழுபடுவது எல்லோருக்கும் தெரியும். தீர்ப்பு வேண்டும் என்று எழுதினால் தீர்ப்பு நாளில் பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். பொலிஸ் முறைப்பாடு வேண்டும் என்று எழுதினால், தகப்பனோ சித்தப்பனோ குற்றவாளியாக இருக்கும் வீட்டுச் சிறுமி வெளியே நிற்பாள். இந்தியச் சட்டம் இதை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறது. வன்புணர்வால் கருவுற்றதாகப் பெண் சொல்வதே போதும், அதனால் அவள் மனநலத்துக்குக் கடும் பாதிப்பு என்று அனுமானிக்க வேண்டும் என்று 1971இலேயே எழுதிவைத்தார்கள். பதினாறு வயதுக்குக் குறைந்தவளுக்குப் பாதுகாவலரின் சம்மதம் வேண்டுமென்றால், பாதுகாவலரே குற்றவாளியாக இருக்கும்போது நீதவானோ நன்னடத்தை அதிகாரியோ அந்த இடத்தில் நிற்கலாம் என்று வாசகத்திலேயே சொல்ல வேண்டும். மனச்சாட்சிப்படி மறுக்கும் வைத்தியருக்கு மறுக்கும் உரிமை இருக்க வேண்டும், ஆனால் மறுத்தவர் அன்றைக்கே இன்னொருவரிடம் அனுப்ப வேண்டும் என்ற கடமையும் எழுதப்பட வேண்டும். வவுனியாவிலோ மொனராகலையிலோ ஒரே ஒரு விசேட வைத்தியர் கடமையிலிருக்கும் நாளில் இந்த ஒரு வரி இல்லாவிட்டால் சட்டம் கொழும்பு மாவட்டத்துக்கு மட்டுமானதாகிவிடும்.